பரீதா டீச்சரின் பொத்தான் அறை

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை. தரம் ஒன்பது வகுப்பில் கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது, நிற்காமல் அதிர்ந்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதிபர் எழுதியிருந்தார். காலையில் தொழுதுவிட்டு எழுந்த பரீதா டீச்சர் மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டாராம். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். இதைப் படிக்கப்போகிற நீங்கள் அவரோடு வேலை செய்தவர்கள்; உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இனி அவருடைய ஆலோசனை அறையில் யார் உட்காருவது? எங்கள் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்கு இருந்தது அவர். துணைக்கு என்று போட்டிருந்தது என் பெயர். நானோ கணக்கு டீச்சர். என்னைத் தூரத்தில் கண்டாலே பிள்ளைகள் வேறு வழியாகப் போய்விடுவார்கள்.

அந்த அறை திறந்த முதல் ஆறு மாதம் ஈ காக்கை அண்டவில்லை. பிள்ளைகள் அதற்கு 'பைத்தியம் பார்க்கிற ரூம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பராக்கள்தான் வீடு; ஒன்றில் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்கள். அப்படியிருக்க, அந்தக் கதவுக்குள் போன பிள்ளையின் பெயர் பஸ் வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டீச்சர், ஹட்டன் டவுனில் தன்னுடைய நானா, அதாவது அண்ணன், வைத்திருக்கும் துணிக்கடையிலிருந்து ஒரு டின் நிறையப் பொத்தானும் ஊசியும் நூலும் கொண்டுவந்தார். 'இங்கே பொத்தான் தைத்துத் தரப்படும்' என்று வாசலில் எழுதி ஒட்டினார். இது பள்ளிக்கூடமா, தையல் கடையா என்று அதிபர் கேட்டார். இரண்டும்தான் என்றார் டீச்சர்.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பொத்தான் அறுந்தவர்கள் வந்தார்கள். பொத்தானைத் தாங்களே அறுத்துக்கொண்டும் வந்தார்கள். அது டீச்சருக்குத் தெரியும், ஆனால் கேட்கமாட்டார். ஒரு பொத்தானைத் தைக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும். இவ்வளவு மெதுவாகத் தைத்தால் உங்கள் நானா கடையை மூடவேண்டியதுதான் என்று நான் ஒருநாள் கிண்டலடித்தேன். "மொகத்தப் பாத்தா பிள்ளைகளுக்குப் பேச்சு வராது டீச்சர். ஊசியப் பாத்துக்கிட்டே பேசட்டும்" என்றார். நான் சிரித்தேன். எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கிய நாளை இங்கே எழுதுகிறேன். எழுதலாம் என்று அந்தப் பிள்ளையே சொன்னாள். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். டீச்சர் அன்று லீவு. சாவி என்னிடம் இருந்தது. தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி பொத்தானில்லாத சட்டையோடு வந்தாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. எனக்கோ திருத்த வேண்டிய தாள்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. பொத்தானைக் கடித்துத் தின்கிறாயா என்று ஏசி, ஓர் ஊக்கைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். டீச்சருக்கு அரை மணி நேரம் பிடிக்கிற வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு.

இடைவேளைக்குப் பிறகு அவளுடைய இடத்தில் புத்தகப்பை மட்டும் இருந்தது. கழிவறையில் இல்லை, மைதானத்தில் இல்லை. வெளியே பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. எங்கள் பாடசாலைக்குக் கீழே நீர்த்தேக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். டீச்சருக்குப் போன் எடுத்து உளறினேன். அவர் என்னை ஏசவில்லை. த்ரீவீல் பிடித்து வந்திறங்கி, ஊக்கை வாங்கும்போது பிள்ளை என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டார். நான் அவளைப் பேசவே விடவில்லையே, என்னத்தைச் சொல்வது? மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களோடு தேட வந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினோம். என் குரலே பனிக்குள்ளிருந்து எனக்குத் திரும்பிக் கேட்டது. அப்படி ஒரு மணி நேரம் தேடினோம்.

கீழே இருக்கிற பணிய லயத்தையும் தாண்டித் தண்ணீர்க் கரையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் மற்றவர்களைக் கையால் நிறுத்திவிட்டு, தான் மட்டும் போய் ஈரப்புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நாலடி தள்ளி நின்றேன். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். பிறகு டீச்சர், சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்: "செத்துப்போகணும்னு நெனச்சியா மகள்?"

எனக்குப் பகீரென்றது. இதையா ஒரு பிள்ளையிடம் கேட்பது, இல்லாத எண்ணத்தையும் உண்டாக்கிவிடுவாரே என்று பதறினேன். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகுதான் அழுதாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வெளிநாட்டுக்குப் போன அம்மாவிடமிருந்து நாலு மாதமாகப் போன் இல்லை. படித்தது போதும், கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போ என்கிறார் அப்பா. டீச்சர் அன்றைக்கே அவளையும் அவளுடைய அத்தையையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அப்பாவோடு எத்தனை தடவை பேசினார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள்.

அன்று கரையிலிருந்து ஏறும்போது பாதிவழியில் டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்தேன், ஐஸாகக் குளிர்ந்திருந்தது, நடுங்கியது. இத்தனை வருடம் இந்த வேலை செய்கிற உங்களுக்கா பயம் என்று கேட்டேன். "ஒவ்வொரு பிள்ளைக்கும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். பயம் விட்டுப்போச்சுன்னா நான் சரியாக் கேக்கமாட்டேன்" என்றார். நீங்கள் எல்லோரும் அவரைத் துணிச்சல்காரி என்றே சொல்வீர்கள். அந்தக் கையை நீங்கள் பிடித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆசிரியர் அறையில் யாருமில்லாத நேரத்தில், என்னையே அந்தப் பிள்ளையாக நினைத்துக் கேளுங்கள் என்பார். நான் 'மனசு சரியில்லையா' என்பேன், 'வீட்டில் ஏதும் பிரச்சினையா' என்பேன். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாவு என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். வாயில் வந்தது பலித்துவிடும். அதைச் சொன்னேன். "நீங்க சொன்னதெல்லாம் பலிக்குதுன்னா, கணக்குல எல்லாரும் ஏ எடுப்பீங்கன்னு வருஷா வருஷம் சொல்றீங்களே, அது ஏன் பலிக்கல?" என்று கேட்டார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "கேக்கிறதால நெனப்பு வராது. நெனப்போட தனியா இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஆள் கெடைக்கும், அவ்வளவுதான்" என்றார். கடைசிவரைக்கும் அவர் முன்னால் எனக்கு அந்தச் சொல் வரவில்லை.

டீச்சர் மௌத்தான அன்று பிற்பகல், அடக்கத்துக்கு முன், ஹட்டனில் அவருடைய வீட்டுக்குப் போனோம். பெண்களோடு உள்ளே நின்று முகம் பார்த்தேன். மறுநாள் அதிபர், டீச்சருடைய அறைச் சாவியை என் கையில் வைத்தார். வேறு யாரையாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். யார் இருக்கிறார்கள் என்றார். சாவியோடு வெளியே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிள்ளையைக் கவனித்தேன். யார், எந்த வகுப்பு என்று எழுதமாட்டேன். கணக்குப் பாடத்துக்கான கவராயப் பெட்டியைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். மறுநாள் புதுக் குடையை இன்னொருத்திக்குக் கொடுத்தாள். ஆசையாக வைத்திருந்ததைப் பிள்ளைகள் காரணமில்லாமல் கொடுக்க ஆரம்பித்தால் விடாதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அவளை அறைக்குக் கூப்பிட்டேன். நடுங்குவது தெரியாமல் இருக்கக் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். பரீட்சை பற்றிக் கேட்டேன், வீட்டைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றாள். எழுந்து கதவுவரை போய்விட்டாள். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"செத்துப்போகணும்னு தோணுதா மகள்?"

அவள் திரும்பினாள். "யார் சொன்னாங்க டீச்சர்?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன், வந்து உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். மூன்று பாடவேளை பேசினாள். பிறகு அவளுடைய சின்னம்மாவை வரவழைத்து, அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப்போனோம். சின்னம்மா இப்போது வீட்டில் அவளைத் தனியாக விடுவதில்லை.

இன்று காலை பனியில் பஸ் பிந்திவிட்டது. முதல் பாடவேளை மணி அடித்தும் நான் வகுப்புக்குப் போகவில்லை. வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பஸ் வந்தது. குடையைக் கொடுத்த அந்தப் பிள்ளை நாலாவது ஆளாக இறங்கி, குட் மோர்னிங் டீச்சர் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பரீதா டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தப் பயம் ஒன்றைத்தான். நாளைக்கும் பஸ் வரும்வரை வாசலில் நிற்பேன்.