பெருகியதும் பெருத்ததும்

1. கோடு

"மருந்து வேலை செய்யலைம்மா" என்று நான் சொன்னபோது ஆய்வு மாணவி ஜரினா அழவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கண்ணே" என்றாள். ஓட்டினேன். அதே கோடுதான் வந்தது.

மதுரைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் ஆளாக இருந்தேன். படித்தது கணக்கு. ஆய்வு மாணவர்கள் ஈஸ்ட் செல்லை வளர்ப்பார்கள். மருந்து போட்டால் அந்த வளர்ச்சியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை நான் சமன்பாடு எழுதி, ப்ரோக்ராமில் ஓட்டிச் சொல்வேன். வளர்ச்சியை அளக்க ஒரு மெஷின் உண்டு. செல் கலந்த திரவத்துக்குள் வெளிச்சம் விடும். எவ்வளவு கலங்கலோ அவ்வளவு செல் என்று கணக்கு. அந்த எண்தான் என் சமன்பாட்டு மாடலுக்குத் தீனி. மாடல் பொருந்தாவிட்டால் டேட்டா சரியில்லை என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை.

ஜரினாவுக்கு முன்னால் எழுமலைக்காரர் செல்வம் என்று ஒருவர் ஆய்வு செய்தார். அவருடைய மருந்துக்கும் இதே தீர்ப்பைத்தான் சொன்னேன். ஆய்வை விட்டுவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்துவிட்டார். "எப்படியும் செல்லை விடலண்ணே" என்று சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

2. கண்ணாடி

ஆறு மாதத்தில் முடிக்காவிட்டால் படிப்பு போதும் என்று ஜரினாவின் அத்தா சொல்லியிருந்தார். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, "அந்தச் சாப்டரைத் தூக்கிரும்மா. வெள்ளிக்கிழமை கமிட்டில வேற தலைப்பு சொல்லிருவோம்" என்றார். வேறு தலைப்பு என்றால் மறுபடியும் முதலிலிருந்து. மூன்று வருட வேலை போனது போனதுதான்.

வியாழக்கிழமை காலை அவள் என் அறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, மைக்ராஸ்கோப்ல வந்து பாருங்க."

"எனக்கு அதுல என்னம்மா தெரியும்?"

"எண்ணத் தெரியும்ல? வாங்க."

கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டிருந்தாள். மருந்து போடாததில் கட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து செல். போட்டதில் ஏழெட்டுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

"மெஷினுக்கு ரெண்டும் ஒரே கலங்கல்தான். ஆனா இதுக பெருகலண்ணே, பெருத்துருக்குக."

ப்ரோக்ராமில் அந்த எண்ணுக்கு நான் வைத்திருந்த பெயர் 'வளர்ச்சி'. பிள்ளை வளர்வதும் வளர்ச்சிதான், குடும்பம் வளர்வதும் வளர்ச்சிதான். எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருந்த பழைய சாம்பிள்களை அவள் எண்ணி எண்ணிச் சொன்னாள். நான் சமன்பாட்டை இரண்டாகப் பிரித்தேன்: எண்ணிக்கைக்கு ஒன்று, பருமனுக்கு ஒன்று. மருந்து போட்ட இடத்தில் எண்ணிக்கைக் கோடு படுத்துவிட்டது. பருமன் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. செல் இரண்டாகப் பிரிவதை மருந்து நிறுத்தியிருக்கிறது.

3. பழைய ஃபைல்

பேராசிரியரிடம் நானே போய், "தப்பு டேட்டால இல்ல சார், என் மாடல்ல" என்றேன்.

"சரிப்பா, சாப்டர் இருக்கட்டும்" என்றார். நான் கதவருகே போனதும், "அப்ப செல்வத்தோடது?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தேன். கலங்கல் எண்கள் மட்டும் இருந்தன. சாம்பிளை எப்போதோ கொட்டியாயிற்று. அந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஜரினா பட்டம் வாங்கினாள். நான் ரிட்டயர் ஆன மறுவாரம், மனசு கேட்காமல் செல்வத்தின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையோட செல்லு எம்புட்டு உப்பியிருந்துச்சுண்ணே?"

விரலை வளைத்துக் காட்டினேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ சொன்னார்.

இப்போது மாடல் எழுதக் கற்றுக்கொள்ள வீட்டுக்கு வருகிறவர்களிடம், முதலில் போய் எண்ணிவிட்டு வாருங்கள் என்கிறேன். செல்வத்திடம் அதைச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்தான்.