பிரித்துப் போட்ட இன்ஜின்

பிரித்துப் போட்ட ஒரு இன்ஜின் ஓடுமா? ஓடாது என்று எனக்கும் தெரியும். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள். அப்படியிருந்தும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அப்போதும் பாலக்கோட்டில் இதே லைன் வீடுதான். மகளுக்கு ஒரு வயசு ஆகப்போகிற சமயம். என் கணவர் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது வாங்கிய பொம்மை விமான இன்ஜின் ஒன்று, எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், டிரங்குப் பெட்டியின் அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. பாப்பாவின் பிறந்தநாளுக்கு அதை ஒரு பொம்மை விமானத்தில் பூட்டிப் பறக்கவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எடுத்துப் பார்த்தால் காற்றாடியை அசைக்கக்கூட முடியவில்லை. எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் உள்ளே காய்ந்து கோந்து மாதிரி இறுகியிருந்தது. "பலவந்தமா திருப்புனா உள்ள தண்டு வளைஞ்சிரும், ஊறித்தான் வரணும்" என்று வெந்நீரில் சூடு காட்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தினமும் வேலை விட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். ஓடும்போது எப்படிச் சத்தம் வரும் என்று வாயாலேயே இழுத்துக் காட்டுவார், பாப்பா சிரிப்பாள். அது நிஜமாக ஓடி நான் கேட்டதே இல்லை.

அதற்குள் எரிபொருளும் தயார். தெரிந்தவர் மூலம் ஈதர் வாங்கி, மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்த்து, பழைய கிரைப் வாட்டர் பாட்டிலில் தக்கை அடைத்து ஜன்னலில் வைத்திருந்தார்.

"புள்ள இருக்கிற வூட்டுல இது எதுக்குங்க?"

"தக்கை இறுக்கமாத்தான் இருக்கு. நீ எதுக்குத்தான் பயப்படல, சொல்லு."

அதுவும் உண்மைதான். பாப்பா தும்மினாலே பயப்படுகிறவள் நான். என் பயத்தை நானே நம்பவில்லை.

சித்திரை வெயில், மதியம். அவர் வேலைக்குப் போயிருந்தார். தக்காளி லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, முன்னறையில் பாப்பாவோடு பாயில் படுத்தேன். எழுந்தபோது தலை கனத்தது, தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். ஈதர் வாசனை ஒரு வாரமாகவே வீட்டில் இருந்ததால் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. பால் காய்ச்ச சமையலறைக்குப் போய், ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து தீக்குச்சியை எடுத்தேன்.

முன்னறையில் இன்ஜின் கிளம்பியது.

நம்பினால் நம்புங்கள், பல்லெல்லாம் கூசுகிற மாதிரி ஒரு ரீங்காரம், அவர் வாயால் இழுத்துக் காட்டியதேதான், ஆனால் அதைப் போலப் பல மடங்கு. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் சீக்கிரமே வந்துவிட்டு, தூங்குகிற குழந்தை பக்கத்தில் இப்படியா என்று, குச்சியை உரசாமல் போட்டுவிட்டு ஓடினேன். அறைக்குள் கால் வைத்ததும் சத்தம் நின்றது. யாரும் இல்லை. நான் போட்ட உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இன்ஜின் பீங்கான் தட்டில், பிஸ்டன் வேறு திருகு வேறாக மண்ணெண்ணெயில் கிடந்தது. ஜன்னலில் பாட்டில் தக்கை தெறித்துச் சாய்ந்திருந்தது, தரையெல்லாம் ஈரம். பாப்பா அசையாமல் கிடந்தாள்.

ஈதர் உடம்புச் சூட்டிலேயே கொதித்துவிடும், அதன் ஆவி தரையோடு ஊர்ந்து நெருப்பு இருக்கும் இடம்வரை போகும், மூச்சில் போனால் மயக்கம் வரும். எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான்.

அவளை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மேரி அக்கா வாங்கித் தோளில் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகைத் தட்டத் தட்ட, பாப்பா ஒரு பாட்டம் அழுதாள். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"புள்ளைக்கு ஒன்னுமில்ல கண்ணு, அழுவாத" என்றவர், நான் மூச்சு வாங்கியதும் கேட்டார். "ஆமா, மிக்ஸி எப்ப வாங்குனீங்க? சொல்லவே இல்ல. இப்பத்தான் தெருவுக்கே கேக்குற மாதிரி ஓடுச்சு."

எங்கள் வீட்டில் அம்மிதான் இருந்தது.

சாயங்காலம் வேலை விட்டு வந்த என் கணவர் முகம் வெளுத்துப்போய், பாட்டிலைத் தெருவுக்கு அப்பால் காலி இடத்தில் கவிழ்த்துவிட்டு வந்தார். "ஈதர் ஏறுனா காதுல அப்படித்தான் ரீங்காரம் கேக்கும்."

"அப்ப மேரி அக்கா காதுலயும் ஏறிருச்சா?"

அவர் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் முடிந்து பெட்டியில் வைத்தார். மேரி அக்கா மட்டும், "காவல் சம்மனசு கண்ணு, புள்ளைங்களக் காக்குற தேவதூதர்" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, பறக்கவிடச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறாள். வெட்டவெளி மைதானத்தில்தான் ஓட்டுவேன் என்கிறார் அவர். தீயைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஓட்டினால் அதன் நிஜமான சத்தம் கேட்குமே. அன்று கேட்ட அதே சத்தம் என்றால், தட்டில் கிடந்தது எப்படி ஓடியது? வேறு சத்தம் என்றால், அன்று என் குழந்தை பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டது எது?

படிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடட்டுமா? சொன்னால், அன்று அந்தச் சத்தத்தைக் கேட்ட மேரி அக்காவையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா, வேண்டாமா?