வெள்ளை வட்டங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாயைவிடக் கை முந்திக்கொள்ளும். காரைக்காலில் நான் வேதியியல் எடுத்த அரசுப் பள்ளியில் என்னிடம் அடி வாங்காத பிள்ளை அபூர்வம். அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வரும். கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய் அடிப்பேன். அதில் பெருமை வேறு, வெட்கங்கெட்ட பெருமை.

நீட் பயிற்சியும் ஒரு சுற்றறிக்கையாகத்தான் வந்தது. பள்ளி விட்டபின் தினமும் ஒன்றரை மணி நேரம். மற்றவர்களுக்குக் கோட்டுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் என் தலையில் கட்டினார்கள். நீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மண்ணாங்கட்டி. தெரிந்ததெல்லாம் பொதுத்தேர்வு. அதில் எங்கள் வழக்கம் ஒன்றுதான்: எதையும் விடாதே, விடை தெரியாவிட்டால் கேள்வி எண்ணையாவது எழுதிவிட்டு வா, திருத்துகிறவர் இரக்கப்பட்டு ஏதாவது போடுவார். அப்படித்தான் எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருந்தேன்.

அந்த வகுப்பில் கருக்களாச்சேரிப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னாள். முதல் மாதிரித் தேர்வில் நூற்றெண்பது கேள்வியில் நாற்பதை விட்டிருந்தாள். விடைத்தாளில் நாற்பது இடத்தில் வட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. மர ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் விரல் முட்டியில் போட்டேன்.

“தப்பாப் போட்டா ஒரு மார்க் போயிடும் சார். தெரியாததத்தான் விட்டேன்,” என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பு முன்னால் இவள் எனக்குப் பாடம் நடத்துவதா? கன்னத்தில் அறைந்தேன். காதோடு சேர்த்து விழுந்தது. தோடு கழன்று பெஞ்சுக்கடியில் உருண்டது. அன்றிலிருந்து ஒரு வெள்ளை வட்டத்துக்கு ஓர் அடி என்று சட்டம் போட்டேன். விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியாத நாளிலும் விட்டதில்லை. நாற்பது இருபதாகி, பத்தாகி, பொங்கலுக்குள் ஒன்றுமில்லாமல் போனது. பயிற்சி பலிக்கிறது என்று ஆசிரியர் அறையில் மார்தட்டினேன்.

நீட் முடிந்து மருத்துவச் சேர்க்கையின் கடைசிப் பட்டியல் வந்தது, அதிலும் அவள் இல்லை. எட்டு மதிப்பெண்ணில் சீட்டு போயிருந்தது. மறுநாள் அப்பாவும் மகளும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். சார் இவ்வளவு பாடுபட்டும் இது படிக்காமல் கெடுத்துவிட்டதே என்று ஆரம்பித்தவர், பேச்சு முடியுமுன் அவள் முதுகில் ஓங்கிக் குத்தினார். மேசை விளிம்பில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து பீரோவோடு சேர்த்து அழுத்தினேன். வயசுப் பிள்ளையை அடிக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று கத்தினேன்.

“அப்பாவ விடுங்க சார்.”

உதட்டைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு நீட் விடைத்தாள் நகலை என் மேசையில் விரித்தாள். தெரியாத கேள்வி முப்பத்தெட்டு. அத்தனையிலும் எதையோ போட்டு நிரப்பியிருந்தாள். ஐந்து சரி, முப்பத்து மூன்று தப்பு. சரிக்கு நாலு வீதம் இருபது வந்து, தப்புக்கு முப்பத்து மூன்று போயிருந்தது. முப்பத்தெட்டையும் விட்டிருந்தால் பதின்மூன்று கூடுதலாக வந்திருக்கும். வேண்டியிருந்தது எட்டு.

“விட்டுட்டுதான் சார் வரணும்னு போனேன். கடைசி பத்து நிமிஷம் நீங்க ஸ்கேலோட பின்னால நிக்கிற மாதிரியே இருந்துச்சி. எல்லாத்தையும் நெரப்பிட்டேன்.”

சட்டையை விட்டேன். அவர் என்னைத் திருப்பி அடிப்பார் என்று நின்றேன், அடித்திருந்தால் தேவலை. அவர் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வா போகலாம் என்று முன்னால் நடந்தார்.

அவள் தாளை மடித்துக்கொண்டு என்னைக் கடந்தாள். தோளில் தட்டி ஏதாவது சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொண்டாள்.