முப்பத்தோரு மாதத் தகடுகள்

என் அக்காவைக் கட்டியவரைக் கம்பெனியில் எல்லோரும் "தகடு" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அத்தான். கப்பலுக்கும் பாலத்துக்கும் பெயிண்ட் செய்கிற கம்பெனி அது. அதன் ஆய்வகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவ என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். முதல் நாளே, "பேசாத, எதையும் தொடாத. அது போதும்" என்றார். எதையும் தொடாமல் எப்படிக் கழுவுவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவரை நல்ல மனுஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வணக்கம் சொன்னால் "ம்" என்பார். யாராவது தப்பாக அளந்தால் பேப்பரைக் கிழித்து அவர்கள் மேஜையிலேயே போடுவார். கேன்டீனில் அவருக்கு எதிரே ஒருவரும் உட்கார மாட்டார்கள். நான்கூட ஒரு மேஜை தள்ளித்தான் உட்காருவேன்.

மொட்டை மாடியில் நாற்பத்தெட்டு இரும்புத் தகடுகள் சட்டத்தில் சாய்வாக, வெயிலைப் பார்த்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் அவர் உருவாக்கிய பெயிண்ட். நடுவில் பெயிண்டைக் கிழித்து ஒரு கோடு. துறைமுகத்து உப்புக்காற்றும் மழையும் அந்தக் கோட்டு வழியாக உள்ளே புகுந்து துருவை எவ்வளவு தூரம் பரப்புகின்றன என்று மாதத்துக்கு ஒரு தடவை பூதக்கண்ணாடி வைத்து அளப்பார். அந்தத் தகடுகளைத் துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது, காக்கை எச்சத்தைக்கூட எடுக்கக் கூடாது. முப்பத்தாறு மாதம் அளந்து காட்டினால்தான் பாலம் கட்டுகிறவர்கள் அந்தப் பெயிண்டை வாங்குவார்கள். ஒரு மாதம் குறைந்தாலும் அத்தனையும் வீண்.

ஏற்கெனவே இரண்டு தடவை அப்படி வீணாகியிருந்தது. ஒன்று பதினாலாம் மாதத்தில், இன்னொன்று இருபத்தைந்தாம் மாதத்தில். இரண்டுக்கும் காரணம் வியாபார மந்தம். கப்பல் கட்டுவது குறைந்தால் பெயிண்ட் தேங்கும். பெயிண்ட் தேங்கினால் எதை நிறுத்தலாம் என்று மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள். விளம்பரத்தை நிறுத்தினால் அடுத்த மாதமே உறைக்கும். காரை நிறுத்தினால் அவர்கள் கால்தான் வலிக்கும். ஆய்வகத்தை நிறுத்தினால் மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் யார் எந்த நாற்காலியில் இருப்பார்களோ! அதனால் ஒவ்வொரு தடவையும் நேராக எங்கள் மாடிக்குத்தான் ஏறி வருவார்கள். வியாபாரம் நிமிர்ந்ததும் அதே ஆட்கள் வந்து, "புதுசா என்ன வெச்சிருக்கீங்க?" என்று பல்லைக் காட்டுவார்கள்.

"அடுப்ப அணைச்சுட்டுப் போனவன் திரும்பி வந்து சோறு வெந்துச்சான்னு கேக்குறான்" என்பார் அத்தான்.

மூன்றாவது மந்தம் வந்தபோது தகடுகளுக்கு முப்பத்தோரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஐந்தே மாதம். அப்போது கம்பெனியை நடத்தியது முதலாளியின் மாப்பிள்ளை. அவருடைய போனஸ் அந்தந்த வருட லாபத்தை வைத்து. வருகிற வருடங்களைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. போர்டில் ஐந்து பேர். முதலாளி, மாப்பிள்ளை, முதலாளியின் மைத்துனர் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையிலேயே முடிவு செய்துவிட்டு வருவார்கள். மற்ற இருவர் வெளி ஆட்கள். இந்தத் தடவை ஆய்வகத்தையே மூடிவிடுவது என்று மேஜையில் முடிவாகியிருந்தது. ஆனால் ஒரு பிரிவையே மூடுவதென்றால் வெளி ஆட்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி. ஒருவர் கூட்டத்தில் தூங்குவார், எழுப்பினால் கை தூக்குவார். இன்னொருவர் ரிட்டையரான பேங்க் அதிகாரியம்மா.

"பாக்காம நான் கை தூக்க மாட்டேன். வியாழக்கிழமை வந்து பாக்குறேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு வந்த சந்தோஷத்தில் எனக்கே வணக்கம் சொன்னார்.

மந்தத்தைக் காரணம் காட்டி ஆய்வக ஆட்களுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் சம்பளமில்லாத விடுப்பு. அது புதன்கிழமை. அந்தப் புதன்கிழமைதான் எல்லாம் நடந்தது. டைரக்டர் வருகிற நாளில் எங்கேயும் துரு கண்ணில் படக்கூடாது என்பது முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே உத்தரவு. பெயிண்ட் கம்பெனி அல்லவா! முந்தின நாளே கேட், படிக்கட்டுக் கைப்பிடி, குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரு கோட் அடித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை காலை அத்தானும் நானும் மாடிக்குப் போனால் தின்னர் வாசனை மூக்கில் அடித்தது. நாற்பத்தெட்டு தகடும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று நின்றன. கிழித்த கோட்டைக் காணோம். பராமரிப்பு சூப்பர்வைசர் ஒரு கையில் பிரஷ்ஷோடு, மறு கையை இடுப்பில் வைத்து நின்றார்.

"தகடு சார், எல்லாம் கன்னாபின்னான்னு துரு புடிச்சுக் கெடந்துச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, ரெண்டு கோட் குடுத்துட்டேன். உங்க மானத்தக் காப்பாத்திட்டேன்."

"உன் கையில கொள்ளிய வைக்க!" என்று அத்தான் அவர் சட்டையைப் பிடித்தார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். சூப்பர்வைசருக்குக் கடைசி வரை என்ன தப்பு செய்தோம் என்று புரியவில்லை.

அதற்குள் மாப்பிள்ளையோடு அந்த அம்மா ஏறி வந்துவிட்டார். தகடுகளைப் பார்த்து, "முப்பத்தோரு மாசம் மழையில நின்னுமா ஒரு பொட்டு துரு இல்ல?" என்று ஆச்சரியப்பட்டார்.

மாப்பிள்ளைக்கு வாசனை தெரியாமல் இல்லை. ஒரு நிமிஷம் தகடுகளையும் சூப்பர்வைசர் கையிலிருந்த பிரஷ்ஷையும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அதான் மேடம்! ரிசல்ட் வந்தாச்சு. இன்னும் அஞ்சு மாசம் எதுக்கு? இப்பவே விக்க ஆரம்பிக்கலாம். வேலை முடிஞ்ச ஆய்வகத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" அத்தான் பக்கம் குனிந்து மெதுவாக, "நீங்க ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க. ஹெட் ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு ரூம் போட்டுத் தரேன்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

அத்தான் ஒரு தகட்டைச் சட்டத்திலிருந்து உருவி, கோடு இருந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ஈர பெயிண்ட் தோல் மாதிரி உரிந்தது. அடியில் துருவின் பழுப்பு.

"இது நேத்து அடிச்சது மேடம். கம்பி பிரஷ் போட்டுத் தேச்சிருக்காங்க. இனி இதுல அளக்க ஒண்ணும் இல்ல. என் பெயிண்ட் நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியாது."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "மறுபடி ஆரம்பிச்சா?"

"முப்பத்தாறு மாசம்."

"என் பதவிக் காலமே இன்னும் பதினோரு மாசந்தான்."

"அதான் இங்க வியாதியே. ஒரு தகடு நிக்கிற அளவுக்குக்கூட உங்கள்ல யாரும் நிக்கிறதில்ல."

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அந்த அம்மா கோபித்துக்கொண்டதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. "அப்போ காப்பாத்த இங்க என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினார். அன்று மதியமே கை தூக்கிவிட்டார்.

இரண்டு வாரத்தில் ஆய்வகத்தைப் பூட்டினார்கள். ஒன்பது பேர் வெளியே. தகடுகள் பழைய இரும்புக்குப் போயின. சூப்பர்வைசர் மட்டும் இருக்கிறார், இப்போதும். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவப் போனேன். அத்தான் ஒரு கார் பட்டறையில் ஸ்பிரே அடித்தார்.

இரண்டு வருடம் கழித்துக் கப்பல் வேலைகள் மறுபடி சூடு பிடித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை அங்கே தேடி வந்தார். கதவைத் திறந்த அக்கா "வாங்க" என்று சொல்லவில்லை.

"பழசையெல்லாம் மறந்துடுங்க. ஆய்வகத்தத் தெறக்குறோம். நீங்கதான் தலைவர்" என்றார் வாசலில் நின்றபடியே.

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு ஆசை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"மந்தம் வந்தாலும் முப்பத்தாறு மாசத்துக்கு நிறுத்த மாட்டோம்னு அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. நாளைக்கே வரேன்."

"அப்படியெல்லாம் போர்டு எழுதித் தராது. நாளைக்கு நெலம எப்படியோ?"

"அப்போ நீங்க தெறக்குறது ஆய்வகம் இல்ல. பொம்மைக் கடை."

"உங்க வயசுக்கு இதவிட நல்ல வேலை கெடைக்காது."

"தெரியும்" என்று அத்தான் கதவைச் சாத்தினார்.

கார் போன பிறகு அக்கா பிடித்துக்கொண்டாள். "உங்க வீம்புக்கு நாங்க எத்தனை நாள் கஞ்சி குடிக்கிறது? நடக்குற வரைக்கும் நடக்கட்டும்னு போயிருந்தா என்ன?"

"இன்னொரு தடவ பாதியில நிறுத்துனா எவனையாவது அடிச்சுருவேன்டி" என்றார் அத்தான்.