சங்கரன்கோவிலுக்குச் சூட்டைப் படம் பிடிக்கப் போனோம்

பங்குனி வெயிலில் சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் அம்பாளைத் தரிசிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் சேலை எடுக்கப் போவார்கள். நாங்கள் ஐஸ் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டும் அறிவியல் படங்களை எடுக்கிற சிறிய கம்பெனி ஒன்றில், சென்னையில், எனக்கு வேலை. கதை, வசனம், டைரக்‌ஷன் மூன்றும் நானே. சம்பளம் மட்டும் ஒன்று. இந்த முறை எனக்குக் கிடைத்த தலைப்பு ‘வெப்பத்தை இறைக்கும் இயந்திரம்’. பட்டணத்து ஐஸ் கம்பெனிக்காரர்கள் கேமராவைக் கண்டதும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். சங்கரன்கோவிலில் ஒருவர் மட்டும், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தாமாகவே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தாமாக வந்து கூப்பிடுகிறவரை நான் நம்புவதில்லை. என் முதலாளி நம்பினார், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

படத்தின் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சூடு தண்ணீரைப் போலத்தான், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வெந்நீர் தானாக ஆறும். ஆறினது தானாகச் சுடாது. பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றக் கமலை பூட்டி மாடு இழுக்க வேண்டும் அல்லவா? குளிர்ந்த இடத்துச் சூட்டை எடுத்துச் சூடான இடத்தில் கொட்டவும் அப்படி ஒரு கமலை வேண்டும். ஐஸ் மெஷினில் மாட்டுக்குப் பதில் மோட்டார், சாலுக்குப் பதில் அம்மோனியா. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும் குழாயில் அது கொதித்துச் சூட்டை அள்ளிக்கொள்ளும்; மோட்டார் அதை அழுத்தி வெளியே தள்ளும்போது, குழாயின் மேல் வழிகிற கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும். தொட்டிக்குள் ஐஸ், வெளியே வெதுவெதுப்பான தண்ணீர். குளிரை யாரும் உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறோம், அவ்வளவே.

சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்த பிறகு விருதுநகர். அங்கே இறங்கித் தென்காசிப் பாதை வண்டிக்கு மாற வேண்டும். சங்கரன்கோவிலுக்கு ஏறத்தாழ ஐம்பது மைல். சாமான் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: விருதுநகரில் போர்ட்டர்கள் பெட்டியை முதலில் தூக்கிவிட்டு அப்புறம்தான் கூலி பேசுவார்கள். கேமராப்பெட்டி மேல் நான் உட்கார்ந்தே இருந்தேன். கேமராமேன் வேதமணி பக்கத்து சீட்டுக்காரர் தந்த சீடையை வாங்கித் தின்றான். நான் வாங்கவில்லை, முன்பின் தெரியாதவர் எதற்குச் சீடை தருகிறார்?

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர் எட்டணா கேட்டார், நாலணாவுக்கு வந்தார். பாதி வழியில் அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார், “பொட்டியில என்ன? அளக்குற சாமானா?”

“கேமரா” என்றேன்.

“அப்படித்தான் சொல்லுவீய. போன வருசம் ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு. மூணாம் மாசம் எங்க தெருவுக்கு வரி ஏறிட்டு.”

எனக்கு மேல் ஒரு சந்தேகப் பிராணி உலகத்தில் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

ஐஸ் கம்பெனி, நெசவாளர் தெரு முடிகிற இடத்தில் இருந்தது. அதன் மதில் சுவரை ஒட்டி ஒரு சோடாக் கடை. தாகத்தில் ஆளுக்கொரு கோலி சோடா உடைத்தோம். கோலி இறங்கியது, சத்தம் வரவில்லை. வாயில் வைத்தால் வெறும் தண்ணீருக்குக் கொஞ்சம் உப்புப் போட்ட மாதிரி இருந்தது. கடைக்காரர் மைதீன் பாய், கடையநல்லூர்க்காரர், நாற்பது வயது இருக்கும்; எங்கள் முகத்தைப் பார்க்காமல் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். பெஞ்சியில் இருந்த தறிக்காரர் ஒருவர் எங்களுக்காகவே உரக்கச் சொன்னார்:

“வெளியூர்க்காரங்களுக்குமா பாய் இந்தச் சோடா? கேஸை மிச்சம் பிடிச்சு என்னத்தக் கட்டப் போறீரு?”

“அதே சிலிண்டர், சோடா மிஷினுக்கு அதே சுத்து. அல்லா அறிய ஒரு சுத்துகூடக் குறைக்கல வே” என்றார் பாய்.

“பின்ன கேஸ் எங்கன போச்சு?”

பாய் அடுத்த பாட்டிலை எடுத்துக் கழுவினார். போன தீபாவளியிலிருந்தே இப்படி, கல்யாண ஆர்டரெல்லாம் புளியங்குடிக்காரனுக்குப் போய்விட்டது, சித்திரையோடு இவர் கடையை மூடிவிட்டுப் பினாங்குக்குக் கப்பல் ஏறப் போகிறார் என்று தறிக்காரரே விவரமும் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. கேஸில் கைவைக்கிறவன் கப்பல் ஏறட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஐஸ் கம்பெனி முதலாளியை ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் சொல்கிறார்கள். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். இலை போட்டு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, அப்பளம் என்று ஒரு விருந்து. அப்படி ஒரு சொதியை நான் சாப்பிட்டதில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது, இவர் எதற்காகக் கூப்பிட்டார் என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்ததே எனக்கு மறந்து போயிற்று. அவராகவே சொன்னார்.

“போன ஐப்பசியில மெஷின மாட்டுனதுலருந்து ஊருக்குள்ள ஒரு பேச்சு கெடக்கு ஸார். இந்த மெஷினு பூமியில இருக்க குளிர்ச்சிய உறிஞ்சுதாம். நீங்க படத்துல போட்டுக் காமிச்சா அந்த வாயெல்லாம் அடைஞ்சிரும்.”

“அறிவியலைத்தான் காட்டப் போகிறோம்” என்றேன்.

“எங்க வேணும்னாலும் எடுங்க. பின்சுவத்துக்கு அங்கிட்டு மட்டும் வேண்டாம். அங்கன புத்து இருக்கு. பொம்பளைக செவ்வாய், வெள்ளி பால் ஊத்த வருவாக.”

இந்த ஊரில் புற்றுக்கு இருக்கும் மரியாதை அங்கே போனால்தான் தெரியும். அம்மன் கோயில் புற்றுமண்ணை மருந்தாக நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்; பாம்பை அடிப்பதில்லை. அந்தப் பின்சுவர்ப் புற்றும் சக்தியுள்ளதாம், தொட்டால் கை சுடுகிறதாம், நாகம் உள்ளே மூச்சு விடுகிறதாம். பால் ஊற்ற வந்த ஒரு பெண் வேதமணியிடம் சொல்லியிருக்கிறாள். நான் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினோம். தெருவே மதிலில் ஏறிப் பார்த்தது. மோட்டாருக்கு ஒரு ஷாட், வெள்ளையாய் உறைபனி படிந்த குழாய்க்கு ஒரு ஷாட், தகர டின்னிலிருந்து ஐஸ் பாளம் வழுக்கி விழுவதற்கு ஒன்று. தொல்லை கொடுத்தது தண்ணீர்தான். குழாய் மேல் வழிந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகிற தண்ணீர் கேமராவில் தெரியவே இல்லை. ஈரச் சிமெண்டு மாதிரி இருந்தது. சூடு வெளியேறுகிற காட்சி தெரியாவிட்டால் படமே இல்லை.

தெருவில் சாயப்பட்டறைக்குப் பஞ்சமா? வேதமணி போய்ச் சிவப்புச் சாயம் ஒரு டின் வாங்கி வந்தான். குழாய் மேல் வழியும் தண்ணீரில் கரைத்துவிட்டோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு நன்றாகக் கறுத்துத் தெரியும். தண்ணீர் குழாயைச் சுற்றி இறங்கி, வாய்க்காலில் ஓடி, பின்சுவரின் அடியில் இருந்த துவாரத்தில் புகுந்து மறைந்தது. பிரமாதமான ஷாட். அண்ணாச்சி அப்போது கடைவீதிக்குப் போயிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் காலையில், கம்பெனித் திண்ணையில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மைதீன் பாய் வந்தார். கையில் ஒரு வாளி. வாளி நிறைய ரோஜாப்பூ சர்பத் மாதிரித் தண்ணீர்.

“என் கிணத்துல என்னத்தக் கலந்தீய?” என்றார். “போறவன்தானே, அவன் கெணத்தையும் கெடுத்து அனுப்புவோம்னா?”

என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். இவரே சாயத்தை வாங்கிக் கரைத்துவிட்டு நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். “நாங்கள் உங்கள் கிணற்றுப் பக்கமே வரவில்லையே, பாய்” என்றேன், நக்கலாகவே.

வேதமணி வாளிக்குள் கையை விட்டான். விட்ட கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான். நானும் விட்டுப் பார்த்தேன். விடியற்காலைக் கிணற்றுத் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருந்தது.

இதற்கு மேல் புரியாமலிருக்க நான் என்ன மரமா? சூடான தண்ணீரில் கேஸ் தங்காது, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். பாய் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது பாட்டிலில் நிற்கப் போவதில்லை. மூன்று பேரும் பின்சுவரைச் சுற்றிப் போனோம். மஞ்சள் துணி கட்டிய புற்று. அதன் அடியில், பாதி தூர்ந்துபோன ஒரு பழைய கிணறு. ஐஸ் கம்பெனித் தண்ணீர் அதில்தான் இரவும் பகலும் விழுந்துகொண்டிருந்தது. பாயின் கிணறு அங்கிருந்து பத்தடி தூரம்தான் இருக்கும். புற்றைத் தொட்டேன். சுட்டது.

அண்ணாச்சி வந்தார். சிவந்த மண்ணைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி அங்க போவுதுன்னு தெரியும். அது இவரு கெணத்துக்குப் போவும்னு நான் கண்டனா?”

“தெரியாமலா அண்ணாச்சி பின்பக்கம் போகாதே என்றீர்கள்?” என்றேன்.

“புத்து மேல மம்பட்டி போட எவன் வருவான்? வாய்க்கா வெட்ட ஆளு கெடைக்கல. விட்டுட்டேன்.”

அது உண்மையா, பாதி உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைச் சுட்டது வேறு. போர்ட்டர், சீடைக்காரர், சோடாக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவன், சொதி ஊற்றினவரை மட்டும் விட்டுவிட்டேனே என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே புற்றுக்கு ஒரு சேதமும் வராமல் வாய்க்காலை வேறு பக்கம் திருப்பி, கண்மாய்க்கு விட ஏற்பாடாயிற்று. தெருவில் இருந்தவர்களே மம்பட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாயின் கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். சிவப்புத் தண்ணீரை இறைத்து இறைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. கிணறு இறைக்கிற கூலியை எங்கள் கம்பெனி தரும் என்று சொன்னேன்.

“அது கெடக்கட்டும் ஸார்” என்றார். “அத்தனை பேரு வந்து கெணத்தப் பார்த்தானுவ. கேஸத் திருடுதேன்னு சொன்னவன் ஒருத்தன்கூட, இல்ல பாய், தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லலியே.”

சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் நானும் இருந்தேன்; சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“நீங்க நாளைக்கு ரயில் ஏறிருவீய. உங்க படம் எல்லா ஊருப் பள்ளிக்கூடத்துலயும் ஓடும்னீயளே, இந்த ஊருலயும் ஓடுமா?”

“ஓடும்.”

“அப்ப அதுல சொல்லுங்க.”

இனி, இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. பங்குனி, சித்திரையில் போகாதீர்கள். ஆடித் தபசுக்குப் போனால் தங்க இடம் கிடைக்காது. கார்த்திகைக்கு மேல் சௌகரியம். புளியங்குடிக்குப் பத்து மைல், பஸ் உண்டு. எலுமிச்சை வாங்குவதானால் காலையிலேயே போய்விட வேண்டும். ஜட்காவுக்கு நாலணாவே தாராளம். இயந்திரங்களைப் படம் எடுக்கிறவர்கள் தங்கள் சாயத்தை எங்கே கொட்டுகிறோம் என்று பார்த்துக் கொட்டவும். கம்பெனி முதலாளி வீட்டில் சாப்பிடுவதை ஷூட்டிங் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

சென்னைக்கு வந்து படத்துக்குக் குரல் சேர்த்தோம். ‘வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகிறது’ என்ற வரியுடன் முடிய வேண்டிய படம். என் முதலாளி போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் சேர்த்திருந்ததைக் கேட்டதும் விளக்கைப் போடச் சொன்னார். பௌதிகப் படத்தில் இது எதற்கு, வெட்டு என்றார். வெட்டினால் என் பேரையும் சேர்த்து வெட்டிவிடுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் விளக்கை அணைக்கச் சொன்னார். இப்போது பிள்ளைகள் பார்க்கிற படத்தில், கறுப்பாய் ஓடுகிற அந்தத் தண்ணீர் சுவருக்கு அடியில் மறையும்போது, குரல் இப்படிச் சொல்கிறது: “இந்த நீர் அருகிலுள்ள கிணற்றில் கலந்தால், அந்தக் கிணற்று நீரில் செய்யும் சோடாவில் கேஸ் தங்காது. அது சோடாக்காரரின் குற்றமன்று.”