கன்னையாவின் ஆட்சேபம்

கல்லாத்துத் தோட்டத்துத் தப்படிக்கிற கன்னையாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அரசாங்கம் எங்கள் சின்ன டவுனுக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் அவன் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. அம்மை குத்தும் நாள், நாய் வரி, ஆற்றில் மாடு கழுவத் தடை, எல்லாம். நான் கடதாசியை இரண்டு தடவை படிப்பேன். மூன்றாம் தடவை அவன் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வான். எனக்கே பொறாமையாக இருக்கும்.

நான் பாறூக். தெஹியோவிட்டவுக்கு இந்தப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் முப்பது கடையும் ஒரு பள்ளிவாசலும் உள்ள டவுன் எங்களுடையது. சாலி நானாவின் (எங்களில் அண்ணனை நானா என்போம்) தேத்தண்ணிக் கடை ஓரத்தில் மேசை போட்டு மனு எழுதுவதும், டவுன் சபையின் அறிவித்தல்களைத் தமிழாக்கிக் கொடுப்பதும் என் பிழைப்பு. நாலு வரி இங்கிலீஷ் தெரிந்ததால் தலைக்கனம் ஏறியிருந்த காலம் அது. கன்னையாவை ‘அவர்’ என்று எழுத இப்போது ஆசையாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. இப்போது கடதாசியில் மரியாதை காட்டி யாருக்கு என்ன லாபம்?

கன்னையா ஐந்து வயதில் தூத்துக்குடியில் கப்பலேறி வந்தவன். தகப்பனும் தப்படிக்கிறவர்தான். விடியுமுன் கூலி ஆட்களின் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், தப்படித்து அவர்களைப் பேர் பதியும் பிரட்டுக்கு எழுப்புவது, சாமி கும்பிட்டால் அடிப்பது, செத்தால் அடிப்பது, குழியும் வெட்டுவது. தகப்பன் போனபின் இந்த வேலைகள் கன்னையா தோளில் விழுந்தன. டவுன் சபைக்கு ஆள் தேவைப்பட்டபோது தோட்டத்துத் தொரை அவனை இரவல் கொடுத்தார், மண்வெட்டியை இரவல் கொடுப்பதுபோல.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டில் விஷக்காய்ச்சல் வந்தது. கீழ் லயத்தில் இருபது நாளைக்குள் பதினொரு பேர். தோட்டத்து மயானம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஆற்றில் வெள்ளம், தூக்கிப் போகவும் தெம்புள்ள ஆளில்லை. ஸ்டோருக்குப் பின்னாலுள்ள சரிவில், ஒரு பலா மரத்தடியிலிருந்து வரிசையாகப் புதைத்தார்கள். ரப்பர் பால் உறைய வைத்துப் புகை போடும் கட்டடத்தைத்தான் எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். பதினொரு குழியையும் கன்னையாதான் வெட்டினான். நாலாவது குழி அவனுடைய மகள் பேச்சிக்கு. ஆறு வயது. கணக்கப்பிள்ளை செத்தவர்களைப் பதிந்தார். புதைத்த இடத்தைப் பதியவில்லை.

ஒன்பது வருடம் கழித்து, ரப்பர் விலை நன்றாக இருந்த ஒரு வருடத்தில், கம்பெனி புதிய கொதிகலன் வாங்கியது. அதற்கு நூறு அடி உயரத்தில் செங்கல் புகைபோக்கி வேண்டும். குறித்த இடம் அந்தச் சரிவு. ஸ்டோர் டவுன் எல்லைக்குள் இருந்ததால் சபையின் அனுமதி இல்லாமல் நாற்பது அடிக்குமேல் எதையும் எழுப்ப முடியாது. தோட்டம் வரைபடம் கொடுத்தது. அந்த இடத்தில் குடியிருப்பும் இல்லை, மயானமும் இல்லை என்று எழுதியும் கொடுத்தது. இனி ஊருக்குத் தப்படித்துச் சொல்ல வேண்டும். பதினான்கு நாளைக்குள் யாராவது ஒருவர் வந்து, அங்கே எங்கள் பிணம் கிடக்கிறது என்று சொன்னால் போதும். சபை வந்து பார்த்தாக வேண்டும். அது சட்டம்.

அந்த அறிவித்தலைக் கன்னையாவுக்குப் படித்துக் கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு அவன் மூன்றாம் தடவையும் கேட்டான். நாலாம் தடவையும் கேட்டான். வயது போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் அடித்தான். டவுனில், சந்தையில், கடைசி நாள் லயங்களில். “ஸ்டோருக்குப் பின்னால நூறடி ஒசரத்துல பொகக்கூண்டு கட்டப் போறாங்க சாமியோவ்! ஆட்சேபன உள்ளவங்க பதினாலு நாளைக்குள்ள சபைக்கு வந்து சொல்லலாம் சாமியோவ்!” சிங்களத்திலும் அதே குரலில் சொன்னான். மேசையில் இருந்தபடி கேட்டேன். சொல் எதுவும் பிசகவில்லை.

லயத்துக்குள் என்ன நடந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்தே தெரியவந்தது. அவன் பெண்சாதி ஜெயம்மா அன்று மாலையே கேட்டிருக்கிறாள்.

“ஏய்யா, நீ போயி சொல்ல மாட்டியா?”

“சாட்டுறவன் எப்புடிப் புள்ள சொல்றது? கூட்டத்துல சேதி சாட்டுறவன் பேசி எங்கயாவது பாத்திருக்கியா? இந்தப் பதினாலு நாளும் இது என் வாயி இல்ல. சபையோட வாயி.”

“அப்ப நம்ம புள்ள?”

“மத்த பத்துப் பேரோட ஆளுங்க இருக்காங்கல்ல. யாராச்சும் ஒருத்தர் போவாங்க.”

அவன் வளர்ந்த முறை அது. கோயில் கூட்டமோ பஞ்சாயத்தோ, சேதி சொல்கிறவன் தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பான். விஷயம் முடியும்வரை அவனுக்கு அதில் பேச்சில்லை. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததல்ல. தகப்பன் நின்றதைப் பார்த்து இவனும் நின்றான்.

மற்ற பத்து வீட்டிலும் வேறு கணக்கு ஓடியது. கன்னையாதான் குழி வெட்டினவன், அவன் பிள்ளையும் அங்கே கிடக்கிறது, அவனே தப்படித்துச் சொல்கிறான் என்றால் அவனுக்குச் சம்மதம்தான், நாம் என்ன பேசுவது என்று இருந்துவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

பதின்மூன்றாம் நாள் பகல் கன்னையா தேத்தண்ணிக் கடைக்கு வந்தான். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் மேசைக்கு முன்னால் நின்று, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“நானா, ஒரு சந்தேகமுங்க. சாட்டுறவனுக்கே ஆட்சேபன இருந்தா என்னங்க பண்றது?”

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டே சொல். அதற்குப் பதில், கடையிலிருக்கிறவர்கள் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

“பந்தல் போட வந்தவன் மாப்பிளய வேணாம் எண்டு சொல்ற கதயா இரிக்கே கன்னையா!”

கடை முழுக்கச் சிரிப்பு. சாலி நானா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் என் பகிடியை நானே ரசித்துச் சிரித்தேன். சிரிப்பு அடங்கி நிமிர்ந்தபோது கன்னையா பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். மறுநாள் சாயங்காலம் சபைப் புத்தகத்தில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று என் கையாலேயே எழுதினேன்.

அத்திவாரம் தோண்ட ஆள் எடுத்தபோது கன்னையா தானாகப் போய்ச் சேர்ந்தான். பலா மரத்திலிருந்து அடி வைத்து எண்ணி நாலாவது இடத்தில் நின்று வெட்டினான். எலும்போ துணியோ அகப்பட்டால் எடுத்து அக்கரை மயானத்தில் வைக்கலாம் என்று எண்ணம். பன்னிரண்டு அடி ஆழம் போயும் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து மழையும் செம்மண்ணும் ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் போலிருக்கிறது. குழி வெறுமையாக இருந்ததைக் கண்ட கணக்கப்பிள்ளை, அங்கே மயானம் இருந்ததே இல்லை என்று இன்னும் உரக்கச் சொன்னார்.

புகைபோக்கி எழும்பியது. டவுனின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். பள்ளிவாசலுக்குப் போகும்போதும் தெரியும், திரும்பும்போதும் தெரியும். வெயில் நாளில் புகை நேரே மேலே போய்விடும். மழை நாளில் கீழே இறங்கும். சரிவு வழியாக ஊர்ந்து கீழ் லயத்து வாசல்களுக்கு வரும். பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். ‘பேச்சி வந்துட்டா’ என்பார்கள். விளையாட்டாகச் சொல்லத் தொடங்கி, பிறகு விளையாட்டில்லாமல் சொன்னார்கள். ஜெயம்மா மட்டும் கதவைச் சாத்த மாட்டாளாம். அடுப்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே கதவைத் திறந்து வைத்திருப்பாளாம். அந்த இருமலோடேதான் அவள் ஒரு ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள்.

நான் ஒருநாள் ஸ்டோருக்கு மனு ஒன்றைக் கொடுக்கப் போனபோது கன்னையாவைக் கண்டேன். உச்சிப் பொழுது. புகைபோக்கியின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் செங்கல்லில் வைத்து நின்றான். என்னைக் கண்டதும் கையை எடுக்கவில்லை.

“சூடா இருக்குங்க நானா,” என்றான். “அவ வெறச்சுக்கிட்டே செத்தா. இனிமே குளிராதுல்ல.”

யார் என்று நான் கேட்கவில்லை. மனுவைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். அதன்பிறகு டவுன் சபைக்குத் தப்படிக்க வர முடியாது என்று அவன் சொல்லியனுப்பினான். காரணம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முப்பத்தாறாம் வருடம் டவுன்காரர்களே மனுக் கொடுத்தார்கள். புகைக்கரி கடைச் சாமானில் படிகிறது, காயப்போட்ட துணியில் படிகிறது. எழுதியது நானேதான். கம்பெனி அதற்கு, புகைபோக்கியை இன்னும் முப்பது அடி உயர்த்துகிறோம் என்றது. மறுபடி அனுமதி, மறுபடி அறிவித்தல், மறுபடி பதினான்கு நாள். இந்தத் தடவை அடித்தவன் வேறொரு தோட்டத்து ஆள்.

அவன் அடித்து முடித்த அன்றே கன்னையா என் மேசைக்கு வந்தான். தலை வெளுத்து, இடுப்பு வளைந்து.

“நானா, இந்தத் தடவ நான் அடிக்கலீங்க. இப்ப நான் பேசலாமுங்களா?”

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னான். விஷக்காய்ச்சல், பலா மரம், பதினொரு குழி, நாலாவது குழி, ஜெயம்மா கேட்டது, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தியது. கடைக்கு வந்து என்னிடம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் மறந்திருப்பேன் என்று விட்டானா, மறக்கவில்லை என்று தெரிந்து விட்டானா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“இப்ப என்ன எழுதணும் கன்னையா? கூண்டு கட்டியாச்சே.”

“ஒசத்துனா பாரம் கூடுமில்லீங்களா நானா. இருக்குற பாரம் போதுமுங்க. அவ சின்னப் புள்ள.”

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்த மனுவையும் எழுதியதில்லை.

சபைத் தலைவர் விசாரணைக்கு வந்தார். சிங்களப் பெரிய மனிதர், கெட்டவர் அல்ல. புகைபோக்கியின் அடியில் மேசை போட்டார்கள். நான் மொழிபெயர்ப்பு. கன்னையாவை முழுக்கப் பேச விட்டார். கம்பெனி என்ஜினியரைக் கூப்பிட்டு அத்திவாரம் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றார் அவர். சட்டப்படி இது உயரத்தைப் பற்றிய விசாரணை மட்டும், நிலத்தைப் பற்றியது முன்பே முடிந்துவிட்டது என்று தலைவர் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் தடவையே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நான்தானுங்களே தொரை அப்ப தப்படிச்சேன்,” என்றான் கன்னையா.

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டி என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்: அடித்தவனும் ஊர்க்காரன்தானே, அவனுக்கு என்ன தடை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபது கஜம் தள்ளிக் கட்டச் சொல்லியிருப்போம். இது எங்கே நின்றாலும் கம்பெனிக்கு ஒன்றுதான்.

கன்னையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருடம் என் வாயிலிருந்து கேட்டதை ஒரு சொல் பிசகாமல் ஊருக்குச் சொன்னவன். அவனுக்கு நான் பிசகாகச் சொன்னேன்.

“காலம் கடந்து போச்சாம் கன்னையா. அவ்வளவுதான் சொல்றார்.”

தலைவர் சும்மா இருந்திருக்கலாம். வயதானவன், சரியாக விளங்கட்டும் என்று நினைத்திருப்பார். அவன் பக்கம் குனிந்து தானே சிங்களத்தில் சொன்னார். “உம்பட்டத் கியன்ட திபுணா.” நீயும் சொல்லியிருக்கலாம். இருபது கஜக் கதையையும் மெதுவாகச் சொன்னார். சந்தையில் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறவன் கன்னையா.

மேசையை மடித்துத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள். ஸ்டோரில் வேலை நடந்துகொண்டிருந்தது. கன்னையா இருந்த இடத்திலேயே நின்றான்.

“அப்ப என்னையத் தடுத்தது யாருங்க நானா?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

“நான்தான் கன்னையா. நீ கடைக்கு வந்து கேட்ட. நான் சிரிச்சன்.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“நீங்க மட்டுமா நானா? கூடச் சேந்து நானும்ல சிரிச்சேன்.”