மூலை மேசைக் கணினி

சோற்றின் மேல் சத்தியம், இது நடந்தது. என் வயிற்றைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று தெரியும்.

உலு திராம் ஊரில் ஒரு லாரி கம்பெனி. பன்னிரண்டு புதுக் கணினிகள். ஒவ்வொன்றாக மென்பொருள் ஏற்ற எனக்குச் சோம்பல். யாரும் உட்காராத மூலை மேசையின் பழைய கணினியை அப்படியே நகலெடுத்துப் பன்னிரண்டிலும் இறக்கினேன். நகலெடுக்கும் முன் அதில் வேலை பார்த்த பழைய ஆளின் பயனர் கணக்கை அழிக்க வேண்டும். வாங்கி வைத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ஆறிவிடுமே என்று அதை விட்டுவிட்டேன்.

மறுநாளே போன். கடவுச்சொல்லை அடித்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். உள்ளே போகப் பத்து நிமிடமாம்.

மேனேஜர் கமலநாதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன் லா."

எனக்கு இருந்ததே இந்த ஒரு வாடிக்கைதான்.

"மூலை மேசை யாரோடது?" என்று கிளார்க் பிரேமலாவிடம் கேட்டேன்.

"லீவுல இருக்காங்கண்ணே." முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம். அலுவலகம் காலி. பேய்கூட வெளியே வர யோசிக்கும் வெயில்.

பன்னிரண்டிலும் பழைய கணக்கை அழித்தேன். கடவுச்சொல்லை அடித்தேன். பன்னிரண்டு வட்டங்கள் சுற்றின. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் சுற்றின.

எங்கிருந்தோ கோடாலித் தைல வாசனை...

மூலைக்குப் பக்கத்து மேசையில் வட்டம் நின்றது. திரை மறுபடி கடவுச்சொல் கேட்டது. நாற்காலி அசைந்தது.

கிறீச்.

அடுத்த மேசை. கிறீச்.

அதற்கடுத்தது...

யாரோ ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து, முடியாமல் எழுந்து வருவதுபோல. அந்தப் பயத்திலும் எனக்குப் பாவமாக இருந்தது. அவசர வேலை போலிருக்கிறது.

பன்னிரண்டாவதும் நின்றது.

வாசனை என் தோளருகே...

மடியில் என் சொந்த லேப்டாப். அதில் நான் எதையும் இறக்கவில்லை.

வட்டம் சுற்றத் தொடங்கியது.

"அண்ணே! ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

வாசலில் பிரேமலா. கையில் தே ஐஸ், ஐஸ் போட்ட தேநீர்ப் பொட்டலம்.

"உண்மையச் சொல்லு. அந்த மேசை யாரோடது?"

பொட்டலத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"புஷ்பவள்ளி அக்காவோடது. பயந்துடுவீங்க, சொல்லாதன்னு பாஸ் சொன்னாரு. போன மாசம் ஒருநாள் காலையில, தலைவலின்னு தைலம் தேச்சிக்கிட்டு, பாஸ்வேர்ட அடிச்சிட்டு, மேசையில சாஞ்சாங்க. தூங்குறாங்கன்னு நாங்க யாரும் எழுப்பல..."

என் மடியிலிருந்த திரையைப் பார்த்தாள்.

"செத்துட்டாங்கண்ணே. அப்பவும் இந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு."